மாமன் சீர் ஐம்பத்தொரு தட்டு

1958 ஜனவரி 16

பெரிய மனிதர்கள் எல்லாரும் நாட்குறிப்பு எழுதுகிறார்கள் என்று பாகூர் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். நான் எழுதாவிட்டால் அந்தப் பட்டியலில் ஓர் ஓட்டை விழும். அதனால் இன்று தொடங்கிவிட்டேன். நோட்டு பாண்டிச்சேரி பிராந்திக் கடைக்காரர் கொடுத்தது. இரண்டு வருஷப் பழசு, கிழமையெல்லாம் தப்பு. பிராந்தி பழசானால் விலை ஏறும், டைரி பழசானால் ஓசியில் கிடைக்கும்.

பெயர் ஏகாம்பரம். வயது நாற்பத்தேழு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்ததால் பத்து என்று சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. கல்யாணம் ஆகவில்லை, எனக்கேற்ற குடும்பம் இந்த வட்டாரத்தில் அமையவில்லை. ஊர் பாகூருக்குத் தெற்கே. எங்கள் பக்கம் பாண்டிச்சேரி, கடை திறந்து வைத்து விற்கலாம். நான்கு மைல் போய் செக்போஸ்ட்டைத் தாண்டினால் சென்னை ராஜ்யம், அங்கே மதுவிலக்கு. கையில் ஒரு பாட்டிலோடு இந்தப் பக்கம் நின்றால் விருந்தாளி, அந்தப் பக்கம் நின்றால் கைதி.

கடலூர் தணிகாசலம் என் தங்கை சம்பூரணத்தின் புருஷன். எட்டு வருஷத்துக்கு முன்னால் சைக்கிள் டியூபில் சாராயம் அடைத்து, இடுப்பில் சுற்றி, மேலே சட்டை போட்டுக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி சைக்கிள் மிதித்தவர். இன்று கடலூர்த் தெருவில் எவன் தள்ளாடினாலும் அது தணிகாசலத்தின் சரக்கு. அந்த வளர்ச்சிக்குப் பின்னால் இருக்கும் மூளை யாருடையது என்று நானே எழுதிக்கொள்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

என் வைக்கோல் போருக்கு அடியில் எப்போதும் இருநூறு பாட்டில் இருக்கும். தலைமை அலுவலகம் என்று நான் சொல்வேன். மாப்பிள்ளை குடோன் என்கிறார். படிப்பில்லாதவர்.

ஜனவரி 30

செவலை மாடு தண்ணீர் குடிக்கவில்லை. வேப்பெண்ணெய் புகட்டிவிட்டு, ஐந்து பூசணிக்காயோடு கடலூர் போனேன்.

பூசணியைக் காம்புப் பக்கம் வட்டமாக வெட்டி, உள்ளே வழித்து எடுத்து, பாட்டிலை நிறுத்தி, மூடியைத் திரும்ப வைத்து ஈர மாவால் பூசினால் படைத்தவனுக்கும் தெரியாது. இந்த யோசனை சம்பூரணத்துக்குச் சமையலறையில் தோன்றியது என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண்டாட்டிக்குப் பயந்தவர்.

செக்போஸ்ட்டில் துப்பாக்கியோடு நான்கு போலீஸ்காரர்கள் என்னைச் சுற்றி வளைத்தார்கள். நான் அசையவில்லை. ஒரே பார்வை. நாலு பேரும் வழிவிட்டார்கள். இதைத் தங்கை வீட்டில் சொன்னபோது அவள் மகள் தையல்நாயகி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு வயது பத்தொன்பது, வாய்க்கு மட்டும் நாற்பது.

"மாமா, அந்த செக்போஸ்ட்டுல இருக்கிறதே ஒருத்தருதான். அவரும் கயித்துக் கட்டில்ல படுத்திருப்பாரு. போன வாரம் பஸ்ஸுல வரும்போது பார்த்தேன்."

"நீ பார்த்தது ஒருத்தரு. மிச்சம் மூணு பேரும் ஒளிஞ்சிருப்பாங்க. போலீஸ்னா அப்படித்தான்."

"அப்போ உன்னைச் சுத்தி வளைச்சது ஒளிஞ்சிருந்தவங்களா?"

பெண் பிள்ளையை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தால் இதுதான்.

பிப்ரவரி 21

மாப்பிள்ளை ஜீப் வாங்கிவிட்டார். பெண்ணையாற்றங்கரையில் தனித்தனியாகக் காய்ச்சிக்கொண்டிருந்த மூன்று கோஷ்டித் தலைவர்களும் இன்று அவர் வீட்டு வாசலுக்கு வந்து வெற்றிலை வாங்கிக்கொண்டார்கள். வெற்றிலை வாங்கிவிட்டால் இனி அவர்கள் மாப்பிள்ளையின் ஆட்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது ஆள் இடது கையால் வாங்கினார். என்ன மரியாதைக் குறைவு என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் பார்த்தேன், வலது கை மாவுக்கட்டில் இருந்தது. போன வாரம் எங்கேயோ விழுந்துவிட்டாராம். மாப்பிள்ளையின் ஆட்கள்தான் பக்கத்தில் இருந்து தூக்கிவிட்டார்களாம். நல்ல வேளை, பக்கத்தில் இருந்தார்கள்.

ஊரில் எல்லாரும் இப்போது மாப்பிள்ளையை முதலாளி என்கிறார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லி அழைக்கவில்லை. மூளையாக இருப்பவன் கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதுதான் காரணம்.

மார்ச் 9

கடலூரில் மதுவிலக்குப் பிரசார மாநாடு. பந்தல், மைக், மாலை, பானகம் எல்லாம் மாப்பிள்ளை உபயம். தலைமை தாங்கியவர் கதர் வைத்தியலிங்கம், பிரசாரக் குழுத் தலைவர். உண்மையிலேயே சுத்தமான மனிதர். காப்பி கூடக் குடிப்பதில்லை. குடிகாரன் குடும்பம் தெருவில் நிற்கும் என்று ஒரு மணி நேரம் பேசினார். சரியான பேச்சு. எங்கள் ஜீப்பும் அதே தெருவில்தான் நிற்கிறது.

மாப்பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு என்று நினைத்தேன். இல்லை.

"இந்த மனுஷன் நூறு வருஷம் இருக்கணும் மச்சான். மதுவிலக்கு இல்லேன்னா நம்மள யாரு சீந்துவாங்க? கவர்மெண்டே கடையைத் தொறந்துட்டா நாளைக்கு நமக்கு ஏது சோறு? நமக்குக் குலதெய்வமே அதுதான்."

பிறகு இன்னொன்று சொன்னார். வீடு இருக்கிறது, ஜீப் இருக்கிறது, ஆனால் ஒரு நல்ல மனுஷன் நம் வீட்டுப் படியேறி உட்கார்ந்ததில்லை. வைத்தியலிங்கத்தின் மகன் ஞானப்பிரகாசம் கூட்டுறவுப் பால் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறான். அந்த வீட்டில் தையலைக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று வைத்தியலிங்கம் கேட்கவில்லை. பந்தல் போட்டுக் கொடுத்தவரிடம் தொழில் விசாரிப்பது நாகரிகமில்லை.

ஏப்ரல் 20

நிச்சயதார்த்தம் முடிந்தது. கல்யாணம் ஆவணியில். சபையில் முதல் தாம்பூலம் தாய்மாமனாகிய எனக்கு. இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். கூடம் சின்னது என்பதால் நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

மாப்பிள்ளைப் பையன் வாயைத் திறக்கவில்லை. ஊமையோ என்று சந்தேகப்பட்டு, தையலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பேசாம இருக்கிறது ஒரு குத்தமா மாமா? நான் பேசினா காது குடுத்துக் கேக்கறாரு. நம்ம வீட்டுல அப்படி ஒரு ஆம்பிளைய நான் பார்த்ததே இல்லை."

அவள் முகம் சிவந்துபோயிற்று. இந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் வரும் என்றே எனக்குத் தெரியாது.

ஜூன் 12

கடலூருக்குப் புது மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். துரைக்கண்ணு என்று பெயர். செக்போஸ்ட்டில் இன்று ஐந்து பூசணிக்காயையும் உடைத்துவிட்டார்களாம். கொண்டுபோனவன் போட்டுவிட்டு ஓடிவிட்டானாம். யாரென்று தெரியாது. எனக்கு இன்று பல்வலி, வீட்டிலேயே இருந்தேன்.

ஜூன் 13

பல்வலி. ஓடியதில் காலும் வலிக்கிறது.

ஜூன் 14

கிராம்பு வைத்தேன்.

ஜூன் 25

மாப்பிள்ளை இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஒரு கறவை மாடு அனுப்பினார். இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர், மாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். கன்று இல்லாமல் மாடு எப்படிக் கறக்கும் என்று கேட்டாராம். கன்றோடு அனுப்பியதும் நண்பராகிவிட்டார்.

ஊருக்குள்தான் நண்பர். செக்போஸ்ட் விஷயத்தில் அவர் கையிலும் ஒன்றுமில்லை. வருகிற வண்டியெல்லாம் பார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சரக்கு நகரவில்லை. வைக்கோல் போர் வயிறு உப்பி நிற்கிறது. செவலை அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறது.

ஜூலை 27

வரலாறு திரும்பிய நாள். விவரமாக எழுதவேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நலங்கு. அதற்குத் தாய்மாமன் வீட்டுச் சீர் வரவேண்டும். அது இல்லாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்கமாட்டார்கள். சம்பூரணம் மெதுவாகக் கேட்டாள்.

"ண்ணே, எத்தனை தட்டு கொண்டாருவ? உன்னால முடிஞ்சது போதும்."

"ஐம்பத்தொண்ணு" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அங்கே மாப்பிள்ளையின் அக்கா கோமளம் உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கும் இடத்தில் புளி போடாமலே ரசம் புளிக்கும். "ஐம்பத்தொரு தட்டா? ஏகாம்பரம் வீட்டுல சாப்பிடற தட்டே ஒண்ணுதானே" என்றாள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், சீர்த்தட்டை நடுவழியில தொறப்பாங்களா?"

"அது எப்படித் தொறப்பாங்க? மாமன் வீட்டுல மூடினா பொண்ணு முன்னாலதான் தொறக்கணும். வழியில தொறந்தா பொண்ணு வாழ்க்கைக்கே ஆகாது."

"போலீஸ்காரன்?"

"அவனுக்கும் அக்கா தங்கச்சி இருக்குமில்ல."

மாப்பிள்ளை எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஆக, யோசனை என்னுடையது. அதை வாயால் சொன்னது மட்டும் அவர். பதினோரு தட்டில் நிஜமான சீர். அதைச் சபையில் திறக்கவேண்டும். மிச்சம் நாற்பதில் தட்டுக்கு மூன்று பாட்டில், மேலே பொரி, அதற்கு மேலே பட்டுத் துணி. அந்த நாற்பதும் திறக்காமல் நேரே சாமி அறைக்குப் போகவேண்டும்.

"திறக்காமல்" என்று மாப்பிள்ளை மூன்று தடவை சொன்னார். எனக்கு ஒரு தடவை சொன்னாலே போதும்.

ஆகஸ்ட் 28

பொரி ஆறு மூட்டை. தட்டு வாடகைக்கு எடுத்தது. கூரையில் ஒழுகுகிற இடத்தில் கீற்று செருகினேன், துணி நனையக்கூடாது. மாட்டை அடுத்த வீட்டில் ஒப்படைத்தாயிற்று. மைக்காரனுக்கு ஆள் அனுப்பினேன், சீர் வரிசையைத் தட்டுத் தட்டாகச் சத்தமாக அறிவிக்கவேண்டும் என்று. இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. இதெல்லாம் தாய்மாமன் பாடு.

ஆகஸ்ட் 29, காலை

மேளம் வந்துவிட்டது. ஏழு மாட்டு வண்டி. கிளம்புகிறோம்.

செப்டம்பர் 2

நான்கு நாள் எழுதவில்லை. மை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

போனது ராஜா போனமாதிரி. செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, தட்டுகளைத் தலையில் ஏற்றி, மேளத்தோடு நடந்தோம். போலீஸ்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். வயதான ஒருவர் என்னிடம், "பொண்ணுக்குத் தாய்மாமனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கும்பிட்டார். போலீஸ்காரர் ஒருவர் எனக்குக் கும்பிடு போட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். இதற்கு முன்னால் இந்த நோட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவும் உண்மையே.

பந்தலில் முந்நூறு பேர். முதல் வரிசையில் சம்பந்தி வைத்தியலிங்கம். பக்கத்தில் குடும்பத்தோடு இன்ஸ்பெக்டர், உடுப்பில்லாமல், நண்பராக. தையல் மஞ்சள் பூசி மணையில் உட்கார்ந்திருந்தாள். மைக்காரன் படிக்க ஆரம்பித்தான். தாய்மாமன் ஏகாம்பரம் சீர். பட்டுப்புடவை ஒன்று. வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒன்று. இப்படிப் பதினோரு தட்டு. மிச்சம் நாற்பதையும் மாப்பிள்ளையின் ஆட்கள் உள்ளே தூக்க வந்தார்கள்.

அப்போது கோமளம் மைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன, பதினொண்ணுதான் தொறந்தீங்க? மிச்சம் நாப்பதும் வெறும் துணியா? பாகூர்க்காரன் காத்தை மூடிக் கொண்டாந்திருக்கான் போல." மைக் அதை எல்லாருக்கும் சொன்னது. பந்தல் சிரித்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு யாரோ ஒருவருடைய கை பன்னிரண்டாம் தட்டின் துணியை இழுத்துவிட்டது. கை யாருடையது என்று அந்தக் கூட்டத்தில் தெரியவில்லை. பொரி சரிந்தது. மைக்காரன் ஒழுங்கானவன். கொடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டான்.

"பிராந்தி, மூணு" என்று படித்தான்.

ஒலிபெருக்கிக் குழாய் தெருவின் இரண்டு முனையிலும் கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் என்ன செய்வார், பாவம். கையிலிருந்த காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார், டம்ளரை மனைவியிடம் கொடுத்தார், எழுந்து வந்து மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். காப்பி முடிகிற வரைக்கும் பொறுத்தாரே, அதுதான் நட்பு.

வைத்தியலிங்கம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். தையல் மஞ்சள் முகத்தோடு மணையிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பர் 6

மாப்பிள்ளையும் நானும் ஜாமீனில் வெளியே. அவர் என்னோடு பேசுவதில்லை. கோமளம் என்னோடு நன்றாகப் பேசுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை.

வைத்தியலிங்கம் சொல்லியனுப்பிவிட்டார். பெண்ணின் அப்பன் சாராயக் கைதி என்றால் தன்னால் எந்த மேடையிலும் ஏற முடியாது, சம்பந்தம் முடிந்தது. ஒருவேளை அப்பனுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மாமன் செய்தது என்று கோர்ட்டே சொல்லிவிட்டால் யோசிக்கலாம். மாமன் என்பது வேறு வீடு, இந்த விஷயத்தில் வேறு ராஜ்யமும் கூட.

கொள்கைக்காரர் என்றாலும் பூகோளம் தெரிந்தவர்.

செப்டம்பர் 9

சம்பூரணம் பஸ் ஏறி வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ண்ணே, சீர் யாரோடது?"

"என்னோடது."

"வண்டி யார் வீட்டுலேந்து கிளம்புச்சு?"

"என் வீட்டுலேந்துதான்."

"எட்டு வருஷமா யார் மூளை?"

நான் கூரையைப் பார்த்தேன். இன்னும் ஒரு கீற்று செருகவேண்டும்.

"சலூன்ல சொன்ன. டீக்கடையில சொன்ன. எங்க வீட்டுப் பந்தியில எலை போட வந்தவன்கிட்டகூடச் சொன்ன, எல்லாம் உன் யோசனைன்னு. கோர்ட்டுல ஒரு வாட்டி சொல்லுண்ணே. அவரு உள்ள போனா தையலுக்குக் கல்யாணம் இல்ல. அந்தப் பையனை அவ விடமாட்டா, வேற எவனையும் கட்டமாட்டா. பொண்ணு அப்படியே நின்னுடும்."

"அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொன்னது சம்பூரணம். எனக்கு வைக்கோல் போரைத் தவிர ஒண்ணும் தெரியாது."

இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். மை காய்ந்ததும் அடிக்கிறேன்.

செப்டம்பர் 10

வயிறு சரியில்லை.

செப்டம்பர் 11

வயிறு சரியில்லை. செவலை கறக்கவில்லை. ஆறு மாசம் உள்ளே போனால் மாட்டை யார் பார்ப்பார்கள்? சும்மா ஒரு யோசனைக்கு எழுதினேன்.

செப்டம்பர் 13

தையல் தனியாக வந்தாள். யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறாள்.

"அம்மா சொன்னதை மறந்துடு மாமா. நீ போகவேணாம். அப்பா செஞ்சதுக்கு அப்பா போகட்டும்."

"உன் கல்யாணம்?"

"நின்னா நிக்கட்டும்." சொல்லிவிட்டு மாட்டைப் பார்த்தாள். "அவரு காத்திருப்பாரு. அவங்கப்பா விடமாட்டாரு. அவரும் அப்பாவை மீற மாட்டாரு. காது குடுத்துக் கேக்கறவரு எல்லாரு பேச்சையும்தானே கேப்பாரு."

மாட்டின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "துணியை இழுத்தது நீதானே மாமா?" என்றாள்.

"கூட்டத்துல யார் கையின்னு..."

"நான் எதிர்ல மணையில உக்காந்திருந்தேன்."

நான் மாட்டுக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

"எதுக்கு இழுத்த? உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமே."

"தெரியும். அவங்க சிரிச்சாங்க."

"உன்னைப் பார்த்தா?"

"என்னைப் பார்த்து ஊரே சிரிக்கும், அது பழக்கம். உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. மாமன் வீட்டுல ஒண்ணுமில்லாத பொண்ணுன்னு."

அவள் எழுந்து கிணற்றில் இரண்டு குடம் இறைத்து மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. பஸ் வருகிற வரைக்கும் ரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

செப்டம்பர் 15

செவலையை அடுத்த வீட்டுக்கே கொடுத்துவிட்டேன். எப்போதும் அந்த மாடு உதைக்கும், எனக்குப் பிடிக்காது.

செப்டம்பர் 22

கோர்ட். எப்பேர்ப்பட்ட நாள். சப் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நான் நின்ற நிலையை யாராவது படம் பிடித்திருக்கவேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார். ஒரு குற்றமா, எதை என்று கேட்டேன். பூசணிக்காய் என் யோசனை என்றேன். ஆற்றங்கரை மூன்று கோஷ்டியும் என் கைக்குள் என்றேன். பிரெஞ்சுக் கப்பல் கேப்டன் ஒருவர் என்னைக் கேட்காமல் நங்கூரம் போடமாட்டார் என்றேன். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டார். அவரால் முடியவில்லை.

"தணிகாசலத்துக்கு இதில் என்ன பங்கு?"

"அவரா, எசமான்? அவரு வெத்து ஆளு. ஜீப்புல உக்காருவாரு. எங்க உக்காருன்னு நான் சொல்றேனோ அங்க உக்காருவாரு. தட்டுல என்ன இருக்குன்னு சொல்ற அளவுக்கு அவரை நான் நம்பினதில்லை."

கோர்ட் முழுதும் சிரித்தது. பக்கத்தில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு நிறம் வந்தது, நான் அதுவரை பார்க்காத நிறம். நன்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு விடுதலை. எனக்கு மூன்று மாதம் போட இருந்தாராம், என் பேச்சைக் கேட்டுவிட்டு ஆறு போட்டார். பேச்சுக்கு மதிப்பு தெரிந்த மாஜிஸ்ட்ரேட்.

அக்டோபர் 8, சிறையில்

மற்ற கைதிகளுக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்பதால் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். களி உருண்டை. காலை எழுந்ததும் வரிசை. தேங்காய் நார் அடிக்கும் வேலை, உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது. என் கொட்டடியில் என்னைத் தவிர ஒன்பது பேர், எல்லாரும் சாராயக் கேஸ். நான் வந்த அன்றே எனக்குச் சுவரோரம் இடம் விட்டார்கள். பெரியவரே என்கிறார்கள். கோர்ட்டில் பேசியது அதற்குள் இங்கே வந்து சேர்ந்துவிட்டது, வரும் வழியில் கொஞ்சம் பெருத்தும் இருக்கிறது. நான் திருத்தவில்லை.

அக்டோபர் 19

மாப்பிள்ளை பார்க்க வந்தார். மெலிந்துவிட்டார். பஸ்ஸில் வந்தாராம்.

"ஜீப்பு?"

"டிரைவர் எடுத்துட்டுப் போயிட்டான். பெரியவரு வந்து கேட்டா அவருகிட்ட குடுக்கிறேன், உங்ககிட்ட குடுக்க முடியாதுங்கறான்."

"எந்தப் பெரியவரு?"

மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீதான்டா மச்சான். ஆத்தங்கரைக்காரனுங்க மூணு பேரும் வெத்தலையைத் திருப்பி அனுப்பிட்டானுங்க. பாண்டிச்சேரிக் கடைக்காரன் சரக்குத் தரமாட்டேங்கறான். மூளை உள்ள இருக்குது, வெறும் உடம்புகிட்ட என்ன பேச்சுங்கறான். அந்தக் கையொடிஞ்சவன் இருக்கான் பாரு, என்னைப் பார்த்து பீடி வாங்கிட்டு வாடாங்கறான். நான் ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வந்திருந்தா ராஜா. நீ என்னைக் காப்பாத்தி நாசம் பண்ணிட்ட."

"இல்லைன்னு சொல்லவேண்டியதுதானே மாப்பிள்ளை. நான்தான் முதலாளின்னு."

"சொன்னா ஜெயிலு. தையலு கல்யாணம் போச்சு. சொல்லலைன்னா இதுதான்."

இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சம்பந்தி அவருக்குக் கதர் வேட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். மதுவிலக்குப் பிரசாரக் கூட்டங்களில் நாற்காலி எடுத்துப் போடுகிறாராம். கூட்டம் முடிந்ததும் அடுக்கியும் வைக்கவேண்டுமாம். மொத்தக் கடலூரையும் தள்ளாடவைத்த மனிதர்.

கிளம்பும்போது, "கல்யாணம் நவம்பர் அஞ்சு" என்றார். என் தட்டில் வைக்கச் சொல்லி வார்டரிடம் இரண்டு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றுதான் வந்து சேர்ந்தது.

நவம்பர் 5

இன்று தையலுக்குக் கல்யாணம். கடலூர் இதுவரை இப்படி ஒரு கல்யாணம் பார்த்ததில்லை. தெருவை அடைத்துப் பந்தல். வாழை மரம் மட்டும் நூறு. திருவாரூரிலிருந்து நாயனம் வந்திருக்கிறது. மூவாயிரம் இலை விழுந்தது, கோமளமே வாயை மூடிக்கொண்டு பரிமாறினாள். தாய்மாமன் கையைப் பிடித்துப் பெண்ணை மணைக்கு அழைத்துவந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

இங்கே மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. மழை.

நவம்பர் 16

தையலும் அவள் புருஷனும் வந்தார்கள். புதுத் தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் காயவில்லை. பையன் என் காலில் விழப்பார்த்தான், நடுவில் கம்பி.

நான் ஐந்தாம் தேதி எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள்.

"பதினாலு பேரு மாமா. கோயில்ல. மேளக்காரங்க மழையில வரலை."

"பொண்ணை யாரு அழைச்சிட்டு வந்தது?"

"கோமளம் அத்தை, அவங்க புருஷனை மாமன் எடத்துல நிக்கச் சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. மண்டபத்துலேந்து மணை வரைக்கும் நானே நடந்து வந்தேன்."

"தனியாவா? அப்படி ஒரு வழக்கமே கிடையாதே."

"அய்யரும் அதைத்தான் சொன்னாரு. பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கன்னு இவங்க பக்கத்துல ஒரு பெரியம்மா கேட்டாங்க. அம்மா, ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லவந்தாங்க. ஜெயில்ல இருக்காரு, எனக்காகன்னு நான் சொல்லிட்டேன்."

பையனைப் பார்த்தேன். "ஆமாங்க, சத்தமாத்தான் சொன்னா" என்றான். அவன் பேசி நான் கேட்டது அது முதல் தடவை.

மணி அடித்துவிட்டார்கள்.

கொட்டடிக்குத் திரும்பியதும் பக்கத்துப் படுக்கைக்காரன் கேட்டான். "யாரு பெரியவரே வந்தது?"

"தங்கச்சி பொண்ணு. கல்யாணம் ஆகியிருக்குது."

"நீங்க இல்லாமலா?"

"உள்ள இருந்தேனே."

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் மூன்று நான்கு கதைகள் தோன்றின, எல்லாம் நன்றாகவே இருந்தன. சொல்லவில்லை.